வெளியூர் உபயகாரரும் திருவிழாக் கணக்கும்: தொண்டு நிறுவனப் பணம் ஜனநாயகத்தை என்ன செய்கிறது?

என்.ஜி.ஓ., அதாவது அரச சார்பற்ற தொண்டு நிறுவனம், என்ற சொல் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் இரண்டு தொனிகளில் ஒலிக்கிறது. ஒரு தோட்டத்துக்குத் தண்ணீர்க் குழாயோ பிள்ளைக் காம்பரா என்ற குழந்தைகள் காப்பகத்துக்குப் புதிய கூரையோ வந்த நாளில் அது நன்றியோடு சொல்லப்படுகிறது. தேர்தல் மேடையில் ஒருவர் ‘வெளிநாட்டுக் காசு வாங்குகிறவர்கள்’ என்று ஆரம்பித்ததும் அதே சொல் வசையாகிவிடுகிறது. படித்தவர்கள் கூடும் இடங்களிலும் பேச்சு இதைத் தாண்டுவதில்லை. வெளிநாட்டு உதவி வந்தால் மக்களுக்கு உரிமை பற்றிய விழிப்பு வரும், விழிப்பு வந்தால் ஜனநாயகம் தழைக்கும் என்பார் ஒருவர். அந்தப் பணம் நாட்டின் இறைமையை அரித்துவிடும் என்பார் அடுத்தவர்.

இருவரும் செய்யும் பிழை ஒன்றே. பணத்தைத் தேயிலைக்கு வீசும் உரம் போல நினைக்கிறார்கள்: வீசினால் ஒன்று தளிர்க்கும், அல்லது கருகும். ஆனால் உரத்தைக்கூட எந்த மலைக்கு, எந்தப் பருவத்தில், கவ்வாத்துக்கு முன்னா பின்னா என்று கேட்காமல் எந்தக் கணக்கப்பிள்ளையும் போடவிடுவதில்லை. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களின் பணம் அரைகுறை ஜனநாயக நாடுகளில் எப்படி வேலை செய்கிறது என்பதை, இந்தத் துறையில் முன்பழக்கம் இல்லாதவர்களுக்கும் புரியும்படி விளக்க இக்கட்டுரை முயல்கிறது.

திருவிழாவில் தொடங்குவோம்

நான் வளர்ந்த தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி வசூலிப்பார்கள். திருவிழா முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கமிட்டி உட்கார்ந்து கணக்கை வாசிக்கும். மேளத்துக்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு, பூசாரிக்கு இவ்வளவு என்று வாசித்துக்கொண்டு போகையில், பின்வரிசையில் நின்று யாராவது ஒருவர், “போன வருசம் மேளத்துக்கு இவ்வளவு ஆகலயே தலைவரே?” என்று கேட்பார். தலைவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். கேட்டவரின் வரியும் அந்தக் கணக்கில் இருக்கிறது.

பிறகு ஓர் ஆண்டு, அதே தோட்டத்தில் பிறந்து கொழும்பில் கடை வைத்து நன்றாக இருந்த ஒருவர் முழுத் திருவிழாவையும் தமது உபயமாக ஏற்றுக்கொண்டார். வரி இல்லை, இரண்டு செட் மேளம், கோயிலிலிருந்து ஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலை வரை மின்விளக்கு. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவருக்கு வசதிப்படும் நாளைப் பார்த்துத் திருவிழாத் தேதி மாற்றப்பட்டது. கமிட்டித் தலைவர் மூன்று நாளும் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு கொழும்புக்கு விவரம் சொல்லிக்கொண்டே இருந்தார். மறு ஞாயிறு கணக்கு வாசிக்கப்படவில்லை. வாசிக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. எங்கள் பணம் எதுவும் அதில் இல்லையே! மூன்றாம் ஆண்டு அவருடைய வியாபாரம் தளர்ந்து உபயம் நின்றபோது, மறுபடி வரி கேட்டு வந்த கமிட்டியை லயன்களின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், வாசல்களில் நிற்கவைத்தே பேசி அனுப்பினார்கள்.

அந்த உபயகாரர் நல்லவர். யாரையும் ஏமாற்றவில்லை, கமிட்டியும் திருடவில்லை. ஆயினும் கேள்வி கேட்கும் பழக்கம் இரண்டே ஆண்டில் செத்தது. பக்கத்துத் தோட்டத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அங்கே பணம் கொடுத்தவர், ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வைத்துக் கோயில் சுவரில் ஒட்டினால்தான் அடுத்த தவணை தருவேன் என்றார். அதுவரை யார் கேட்டும் காட்டப்படாத கணக்கு அந்த ஆண்டுதான் முதன்முறையாகச் சுவரேறியது.

நாம் பேசப்போகும் முழு விஷயமும் இந்த இரண்டு தோட்டங்களுக்குள் அடங்கிவிடுகிறது. அதிகாரத்தில் இருப்பவர் தாம் செய்ததற்கும் செய்யாததற்கும் மக்கள் முன் பதில் சொல்லக் கடமைப்படுவதைப் பொறுப்புக்கூறல் என்கிறோம். வெளியிலிருந்து வரும் பணம் ஜனநாயகத்தைத் தொடுவது இந்த இடத்தில்தான். யார் யாருக்குக் கணக்குக் காட்டுகிறார் என்ற கோட்டை அது திசைதிருப்புகிறது. முதல் தோட்டத்தில் அந்தக் கோடு கொழும்பை நோக்கித் திரும்பியது. இரண்டாவதில் கோயில் சுவருக்கு வந்தது.

எந்தப் பணம், எந்த ஆட்சி

வெளிநாட்டு உதவி என்று ஒரே சாக்கில் போட்டுப் பேசப்படுவதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். தோட்டங்களில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட வீடுகளும், ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் ஓர் அரசு இன்னோர் அரசுக்குச் செய்த உதவிகள். ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் வழியாக வருவது இரண்டாம் வகை. மூன்றாவதுதான் நமது விஷயம்: ஒரு நாட்டில் பதிவு பெற்று, இலாபம் பங்கிடாமல், பிற நாடுகளில் பணிபுரியும் இலாப நோக்கற்ற நிறுவனங்கள் தாமாகவோ உள்ளூர் அமைப்புகளின் கையாலோ செலவிடும் பணம். இந்த மூன்றாவது வகைக்குள்ளும் கணிசமான பகுதி மேலைநாட்டு அரசுகளின் கருவூலத்திலிருந்தே புறப்படுகிறது என்பதால், ‘அரச சார்பற்ற’ என்ற பெயரைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் ஏற்கவேண்டும்.

அடுத்தது ஆட்சி. தேர்தலே இல்லாத சர்வாதிகாரம் ஒரு முனை. வாக்கு, நீதிமன்றம், பத்திரிகை எல்லாம் தடையின்றி இயங்கும் ஜனநாயகம் மறுமுனை. உலகின் பல நாடுகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. தேர்தல் உரிய நாளில் நடக்கலாம், எதிர்க்கட்சி வெல்லவும் கூடும். ஆனால் அரச ஊடகம், பொலிஸ், அரசாங்க வேலை, நிவாரணப் பட்டியல் எல்லாம் ஆளும் தரப்பின் பக்கம் சாய்ந்திருக்கும். மைதானம் திறந்துதான் இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் சரிவாக வெட்டப்பட்டிருக்கிறது. இதை அரை எதேச்சாதிகார ஆட்சி என்று இங்கே குறிப்பிடுவோம். நாடுகளின் சுதந்திரத்துக்கு ஆண்டுதோறும் புள்ளியிடும் ஃபிரீடம் ஹவுஸ் நிறுவனம் இலங்கையைப் பல ஆண்டுகளாகப் ‘பகுதியளவில் சுதந்திரமானது’ என்ற நடு வரிசையில்தான் வைத்திருக்கிறது.

வாக்குச்சீட்டு இருந்தாலே ஜனநாயகம் இருந்துவிடாது என்பதை மலையகத்தவருக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. 1947 தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தம் அவர்கள் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. இதைச் செய்தது எந்தப் படைத்தளபதியும் அல்ல, முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம்.

இதுவரை பார்த்தது: பணத்தின் அளவைவிட அது கணக்குக் கேட்கும் கோட்டை எங்கே திருப்புகிறது என்பதே முக்கியம். நாம் பேசுவது தேர்தல் உண்டு, ஆனால் சமநிலை இல்லை என்ற நடுத்தர ஆட்சிகளைப் பற்றி.

ஆட்சியாளருக்கு எது இனிக்கும், எது கசக்கும்

முழுச் சர்வாதிகாரி வெளிநாட்டு நிறுவனங்களை எல்லையிலேயே நிறுத்திவிடலாம். அரை எதேச்சாதிகார ஆட்சியாளரால் அது முடியாது. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்க அவருக்குக் குழாயும் பாலமும் பாடசாலைக் கட்டடமும் வேண்டும். உலகச் சந்தையில் நாட்டுக்கு நல்ல பெயரும் வேண்டும். எனவே அவர் உதவியை இரண்டாகப் பிரிக்கிறார். கிணறு வெட்டுவது, சத்துமா கொடுப்பது, கழிப்பறை கட்டுவது போன்ற சேவை உதவி அவருக்கு இனிக்கும்; திறப்பு விழாவில் நாடாவை வெட்டப்போவது அவர்தான். தேர்தலைக் கண்காணிப்பது, காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்குச் சட்ட உதவி செய்வது, ஊடகவியலாளரைப் பயிற்றுவிப்பது போன்ற கண்காணிப்பு உதவி அவருக்குக் கசக்கும்.

இந்தக் கசப்பின் தடம் இலங்கையில் பழையது. தன்னார்வ அமைப்புகளின் பதிவுக்கும் மேற்பார்வைக்குமான சட்டம் 1980இல் வந்தது. 1990இன் இறுதியில், ஜனாதிபதி பிரேமதாசவின் காலத்தில், இந்த நிறுவனங்களை விசாரிக்க ஓர் ஆணைக்குழுவே அமைக்கப்பட்டது. 2014 ஜூலையில், அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்த அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகம், ஊடக மாநாடு, செயலமர்வு, ஊடகவியலாளர் பயிற்சி, ஊடக அறிக்கை ஆகியவற்றை நிறுத்துமாறு நிறுவனங்களுக்கு அறிவித்தது. அந்தப் பட்டியலில் கிணறு இல்லை, கழிப்பறை இல்லை என்பதைக் கவனியுங்கள். கூரைத்தகடு கொடுப்பதை அந்த அறிவிப்பு பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை.

பிற நாடுகளிலும் இதே பிரிப்புத்தான். எத்தியோப்பியா 2009இல் இயற்றிய சட்டம், தனது நிதியில் பத்து வீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து பெறும் அமைப்பு மனித உரிமை, ஜனநாயகம் முதலிய விஷயங்களில் இறங்கக்கூடாது என்றது. பசி தீர்க்கும் பணிக்கு அந்த வரம்பு இல்லை. 2019இல்தான் அது மாற்றப்பட்டது. ரஷ்யா 2012இல் ‘வெளிநாட்டு முகவர்’ என்ற முத்திரையைச் சட்டமாக்கியது. ஹங்கேரி 2017இல் வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளைத் தனியாகப் பதியச்சொன்னபோது, 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அதை ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தியா 2020இல் செய்த திருத்தம், வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குப் பகிர்ந்தளிப்பதைத் தடைசெய்து, நிர்வாகச் செலவின் உச்ச வரம்பை 50 வீதத்திலிருந்து 20 வீதமாகக் குறைத்தது. பெரிய நிறுவனத்தின் நிழலில் இயங்கிய சின்னஞ்சிறு கிராம அமைப்புகளுக்குத்தான் இந்த அடி பலமாக விழுந்தது.

இதன் விளைவு ஒன்றைக் கவனிக்காமல் விடக்கூடாது. கதவு மூடப்படுமோ என்று அஞ்சும் நிறுவனங்கள் தாமாகவே பேச்சைத் தணித்துக்கொள்கின்றன. ‘நில உரிமை’ என்று எழுதியிருந்த திட்டம் அடுத்த ஆண்டு ‘வீட்டுத்தோட்டம்’ ஆகிறது. ‘தொழிற்சங்க உரிமை’ மெல்ல ‘தலைமைத்துவப் பயிற்சி’ ஆகிறது. யாரும் தடைவிதிக்கவில்லை. ஆனால் உதவி பல்லில்லாததாகிவிட்டது.

கண்காணிக்கும் கண்கள்

அப்படியானால் இந்தப் பணத்தால் ஜனநாயகத்துக்கு ஒரு பயனும் இல்லையா? உண்டு, சில இடங்களில் தெளிவாகவே உண்டு. சரிவான மைதானத்தில் ஆளும் தரப்புக்குச் சாதகமான நடுவர் மட்டும் இருந்தால் யார் எதை மறைத்தார் என்று நிரூபிக்க முடியாது. வெளியிலிருந்து இன்னொருவரும் எண்ணினால் முடியும். வாக்குச்சாவடிகளின் முடிவுகளைத் தன்னார்வலர் தனியே திரட்டிக் கூட்டிப்பார்ப்பதை இணை வாக்கெண்ணல் என்பார்கள். 1986இல் பிலிப்பைன்ஸில் நம்ஃப்ரெல் என்ற அமைப்பு இப்படி எண்ணியதால்தான் அரசின் எண்ணிக்கையும் மக்களின் எண்ணிக்கையும் ஒத்துவரவில்லை என்பது ஊரறிய வெளிப்பட்டது. சில வாரங்களில் ஜனாதிபதி மார்க்கோஸ் நாட்டைவிட்டுப் போனார். இலங்கையில் 1987இல் தோன்றிய பஃப்ரல் என்ற தேர்தல் கண்காணிப்பு அமைப்பும், 1997இல் உருவான தேர்தல் வன்முறைகளைக் கண்காணிக்கும் நிலையமும் வாக்குச்சாவடிகளில் நடந்தவற்றை எழுதிவைக்கும் பழக்கத்தை நாட்டில் ஊன்றின. அத்தகைய வேலைக்கு ஆளும் கட்சியும் பணம் தராது, தோட்டத்துக் குடும்பத்தின் சம்பளத்திலும் அதற்கு மிச்சம் இராது. வெளிப் பணம் இல்லாமல் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

மலையகத்துக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் 2003. அந்த ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கியது. சட்டம் கொழும்பில் நிறைவேறினால் போதாது. லயனில் இருப்பவர் கைக்குத் தாள் வரவேண்டும். அரசும் ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயமும் உள்ளூர் அமைப்புகளின் தொண்டர்களும் சேர்ந்து பத்து நாள் நடத்திய இயக்கத்தில் ஏறத்தாழ 1,90,000 பேர் குடியுரிமை பெற்றார்கள். அதன் பின்னும் பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர், பெயர் மாறிப் பதிந்தவர், அடையாள அட்டை எடுக்காதவர் என்று நீண்ட வரிசை இருந்தது. தோட்டத்தில் ‘செல்லம்மா’ என்று காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கூப்பிடப்பட்டவர் சான்றிதழில் வேறொரு பெயராக இருப்பார். இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க அவர் மூன்று அலுவலகம் ஏறவேண்டும், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும். நடமாடும் சேவைகளில் மேசை போட்டு உட்கார்ந்து அந்தப் படிவங்களை நிரப்பியது விளம்பரமில்லாத வேலை. ஆனால் வாக்காளர் இடாப்பில் ஒரு பெயர் ஏறினால், அடுத்த தேர்தலில் அந்த லயனுக்கு வேட்பாளர் ஒருவர் நடந்துவர ஒரு காரணம் பிறக்கிறது.

இந்த வேறுபாட்டை ஆய்வுகளும் காட்டுகின்றன. 1990 முதல் 2003 வரை அமெரிக்க அரசு ஜனநாயகத்துக்கென்றே ஒதுக்கிய உதவியை ஆராய்ந்த அரசறிவியலாளர்கள், அதற்குச் சிறியதாயினும் நேரான விளைவு உண்டு என்று கண்டார்கள். பொதுவான பொருளாதார உதவிக்கு அத்தகைய விளைவு தென்படவில்லை. அரிசி மூட்டைக்குள் ஜனநாயகம் தானாக ஒளிந்து வருவதில்லை.

சுருங்கச் சொன்னால், கேள்வி கேட்பவரின் கையை வலுப்படுத்தும் உதவி ஜனநாயகத்துக்குத் துணை நிற்கிறது. அதனால்தான் ஆட்சியாளர் முதலில் தடுப்பதும் அதையே.

தண்ணீர் டாங்கியும் 33ஆம் பிரிவும்

இனிச் சிக்கலான பகுதிக்கு வருவோம். அரசு செய்யவேண்டியதைத் தொண்டு நிறுவனம் செய்துவிடுவதைப் பதிலீடு எனலாம். கிராமத்தில் ஒரு பாதை உடைந்தால் மக்கள் பிரதேச சபை உறுப்பினரின் வாசலுக்குப் போவார்கள். தோட்டத்தில் அப்படியில்லை. பாதையும் லயனும் தண்ணீர் வரும் ஊற்றும் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை தன் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட முடியாதபடி தடையாக நின்றது. அதாவது, தோட்டத்தவர் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம், தோட்டத்தவரே தவிசாளராகவும் வரலாம். ஆனால் அவர் தனது சொந்த லயனுக்கு ஒரு தண்ணீர்ப் பீலி போட்டுத்தர முடியாது. 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை முப்பது ஆண்டுகள் இப்படியே ஓடின.

அந்த முப்பது ஆண்டு இடைவெளியில்தான் தொண்டு நிறுவனங்கள் நுழைந்தன. நான் அறிந்த ஒரு பிரிவில், லயனுக்கு மேலே கித்துள் மரத்தடியில் ஒரு சீமெந்து டாங்கி நிற்கிறது. அதன் நெற்றியில் மூன்று பெயர்ப்பலகைகள், ஒன்றின்மேல் ஒன்றாக. அடியில் இருப்பதன் எழுத்து பாசியில் மறைந்துவிட்டது. நடுவில் இருப்பதில் இரண்டு கைகள் குலுக்கும் படம். மேலே இருப்பது தகரத்தில் அச்சிட்டது, இன்னும் பளபளக்கிறது. மூன்று நிறுவனங்கள் மூன்று காலங்களில் அதே டாங்கியைத் திருத்தியிருக்கின்றன. ஒவ்வொன்றும் வந்தது, தண்ணீர்க் கமிட்டி ஒன்றை அமைத்தது, கமிட்டிக்கு ஒரு கொப்பி கொடுத்தது, போனது. குழாய் வெடித்தால் மக்கள் அடுத்த நிறுவனத்துக்காகக் காத்திருந்தார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கேட்டுப் பெறுவதற்கு ஓர் அரசு அலுவலகமே சட்டப்படி இல்லாதபோது, காத்திருப்பதைத் தவிர அவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்?

அதேவேளை இந்தப் பதிலீடு ஒன்றைச் செய்தது. தோட்டக் குழந்தை வாந்திபேதியில் செத்தால் அது ஒரு காலத்தில் தோட்ட நிர்வாகியான துரைக்கும் சங்கத் தலைவருக்கும் அமைச்சருக்கும் வெட்கக்கேடாக இருந்தது. டாங்கி வந்தபின் அந்த வெட்கம் ஒரு திட்ட முன்மொழிவாகிவிட்டது. வாக்கினால் தண்டிக்கக்கூடிய ஒருவரிடமிருந்து, வாக்கினால் தொடவே முடியாத ஒருவரிடம் பொறுப்பு நகர்ந்தது. ஜெனீவாவிலோ ஒஸ்லோவிலோ இருக்கும் நிறுவனம் ஒன்றின் பணிப்பாளரை மலையகத்தின் நோர்வூட் வாக்காளர் எந்தத் தேர்தலில் தோற்கடிக்க முடியும்?

இதோடு சேர்ந்த இன்னொரு சங்கதி, பணத்தின் இடமாற்றம். மத்திய கிழக்கில் வேலை செய்யும் அக்கா தம்பியின் டியூசன் காசை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காசு டியூசனுக்கே போகிறது, ஐயமில்லை. ஆனால் அதுவரை டியூசனுக்கு ஒதுக்கிய பணம் அப்பாவின் கையில் மிஞ்சுகிறது. அது தம்பிக்குச் சப்பாத்தாகலாம், சாராயமும் ஆகலாம். அதுபோலவே, தொண்டு நிறுவனம் ஒரு மாவட்டத்தின் சுகாதாரத்தைப் பார்த்துக்கொள்ளும்போது, அரசு அந்த ஒதுக்கீட்டை வேறெங்காவது திருப்பும் வாய்ப்பைப் பெறுகிறது. நல்ல அரசு அதை அடுத்த மாவட்டத்தின் மருத்துவமனைக்குக் கொடுக்கும். சரிவான மைதானத்தை மேலும் சரிக்க விரும்பும் அரசு எங்கே கொடுக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நிறுவனத்தின் கணக்கேடு ஒரு சதமும் பிசகாமல் இருந்தபடியே இது நடக்கும்.

பட்டியலையும் மறந்துவிடக்கூடாது. நூறு குடும்பம் உள்ள பிரிவில் நாற்பது பேருக்குத்தான் கூரைத்தகடு என்றால் அந்த நாற்பது பேர் யார்? வெளியூர் அலுவலருக்கு ஊர் தெரியாது. எனவே அவர் தலைவரிடமோ, தோட்ட அலுவலகத்திடமோ, உள்ளூர் அரசியல்வாதியின் ஆளிடமோ கேட்கிறார். அந்தக் கணமே தகடு வாக்காகிவிடுகிறது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது போன்ற பேரழிவின்போது, பட்டியலைக் கையில் வைத்திருப்பவரின் அதிகாரம் இன்னும் பெருகுகிறது. உயிர் காக்கும் நேரத்தில் பட்டியலைப் பற்றி வாதாட யாருக்கும் மனம் வராது.

ஆக, சேவை உதவி உயிர்களைக் காக்கிறது. கூடவே, பதில் சொல்லவேண்டியவரை மெல்ல நழுவவும் விடுகிறது. இரண்டும் ஒரே டாங்கியில்தான் நடக்கின்றன.

அறிக்கை மேலே போகிறது

தொழிற்சங்கத்துக்குத் தொழிலாளி சந்தா கட்டுகிறார். தலைவர் பிடிக்கவில்லை என்றால் சந்தாவை நிறுத்தி வேறு சங்கத்துக்கு மாற்றிக்கொள்கிறார். மலையகச் சங்கங்களைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் அந்தச் சந்தாத் துண்டு கீழே இருப்பவரின் கையில் உள்ள ஒரு கடிவாளம். தொண்டு நிறுவனத்தில் அது இல்லை. அங்கே தோட்டத்தவர் ‘பயனாளி’. பணம் தருபவர் தொலைவில் இருக்கிறார். அறிக்கை அவருக்கு, பெரும்பாலும் ஆங்கிலத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறது. அளக்கக்கூடியதைத்தான் அறிக்கையில் எழுதமுடியும். எனவே எத்தனை செயலமர்வு, எத்தனை பேர், அதில் எத்தனை பெண்கள் என்று எண்ணப்படுகிறது. துரையிடம் நேருக்கு நேர் நின்று பேச யாருக்குத் துணிவு வந்தது என்பது எந்தக் கட்டத்திலும் பொருந்துவதில்லை.

நகரத்து விடுதி மண்டபம் ஒன்றில் அப்படியொரு செயலமர்வில் நானும் உட்கார்ந்திருந்தேன். பங்குபற்றுநர் பட்டியலில் கையெழுத்து, கழுத்தில் மாட்ட ஓர் அட்டை, சுவரில் ஒட்டிய வண்ணத் தாளில் ‘நல்லாட்சி’ என்ற தலைப்பு. ஒரு நாள் பேரை விட்டுவிட்டு வந்திருந்த ஒரு பெண், தேநீர் இடைவேளைக்கு முன் எழுந்து, “தம்பி, எங்க டாங்கி ஒடஞ்சி நாலு மாசமாச்சு. இத யாருகிட்ட கேக்கணும்?” என்றார். பயிற்றுநர் நல்ல பிள்ளை, முகம் சிவந்துபோனது. “அது இன்னைக்குத் தலைப்புல இல்லக்கா. எழுதி வைக்கிறேன்” என்றார். எழுதியும் வைத்தார், மஞ்சள் நிறச் சிறு தாளில். மாலையில் சுவரிலிருந்த தாள்கள் எல்லாம் சுருட்டி எடுத்துச்செல்லப்பட்டன.

இன்னொரு கசிவும் உண்டு. ஏ.எல். (உயர்தரம்) படித்து, மூன்று மொழியும் கைவந்த தோட்டத்துப் பிள்ளை முன்பு சங்கத்திலோ கட்சியிலோ சேர்ந்து சண்டை போட்டிருப்பார். இப்போது திட்ட உத்தியோகத்தராகிறார். இரண்டு ஆண்டு ஒப்பந்தம், மோட்டார் சைக்கிள், தோட்டச் சம்பளத்தைவிடப் பல மடங்கு மேலான ஊதியம். அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் கேள்வி கேட்கக்கூடியவர்கள் அறிக்கை எழுதப் போய்விடுவதை ஆட்சியாளர் எவரும் வருத்தத்தோடு பார்ப்பதில்லை.

பணம் நின்ற நாள்

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தனது வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்தியது. அந்த உதவியை வழங்கிவந்த அமெரிக்க அரசின் யூஎஸ்எயிட் நிறுவனம் ஜூலை 1 முதல் செயலிழந்தது. உலகெங்கும் அந்த நிதியை நம்பிய அமைப்புகள் ஒரே வாரத்தில் தடுமாறின. அந்நியப் பணத்தை வசைபாடி வந்தவர்கள் இதைக் கொண்டாடினார்கள். என் பார்வையில் அது ஒரு பரிசோதனையாகவும் இருந்தது: பணம் நின்றபின் எது நிற்கிறது? உறுப்பினர்கள் தாமே கூடி, தாமே சந்தா போட்டு நடத்திய குழுக்கள் ஏழ்மையோடு என்றாலும் தொடரும். கொப்பி மட்டும் கொடுக்கப்பட்ட கமிட்டிகள் கொப்பியோடு முடியும். திருவிழாக் கமிட்டிக்கு மூன்றாம் ஆண்டில் நடந்ததும் இதுதான்.

கேட்க வேண்டிய இடம்

ஒரு திட்டம் உங்கள் பிரிவுக்கு வரும்போது, அது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயன் குறைவு. பயனாளிப் பட்டியலை யார் தயாரித்தார், அது எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது, திட்டம் முடிந்ததும் டாங்கியை எந்த அலுவலகம் பொறுப்பேற்க ஒப்புக்கொண்டிருக்கிறது, அந்த ஒப்புதல் எழுத்தில் இருக்கிறதா என்று கேட்கலாம். கேட்பதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் அரச அலுவலகங்களுக்கு மட்டும் உரியது என்று பலர் எண்ணுகிறார்கள். அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசிடமிருந்தோ சர்வதேச அமைப்பிடமிருந்தோ கணிசமான நிதி பெற்று மக்களுக்குச் சேவை வழங்கும் அரச சார்பற்ற நிறுவனங்களையும், அந்தச் சேவை தொடர்பான தகவலளவில், அது உள்ளடக்குகிறது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்பதைப் பதினான்கு வேலைநாளுக்குள் முடிவுசெய்யவேண்டும்.

பிரதேச சபைகளின் நிலையும் முன்பு போலில்லை. 2018 தேர்தலுக்கு முன் நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய புதிய சபைகள் பிறந்தன. மலையகச் சிவில் அமைப்புகளும் கட்சிகளும் நெடுநாள் கேட்டுவந்த கோரிக்கை அது. அதன் பின் 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போடப்பட்டது. தேர்தல் கண்காணிப்பு அமைப்புகளும் கட்சிகளும் நீதிமன்றம் போயின. 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம், தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. 2025 மே 6 அன்று வாக்களிப்பு நடந்தது. இரண்டு ஆண்டுகளாக உறுப்பினர் இல்லாமல் கிடந்த சபைகளில் மறுபடி ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

செயலமர்வில் எழுந்து கேட்ட அந்தப் பெண்ணை அண்மையில் பஸ்ஸில் கண்டேன். டாங்கி என்னவாயிற்று என்று கேட்டேன். சபைக்குக் கடிதம் கொடுத்திருப்பதாகவும், உறுப்பினர் வந்து பார்த்துவிட்டுப் போனதாகவும், தோட்ட நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் இன்னும் வரவில்லை என்றும் சொன்னார். கொடுத்த கடிதத்தின் பிரதியை, சபையின் திகதி முத்திரை தெரியும்படி நாலாக மடித்து, அடையாள அட்டையோடு பையில் வைத்திருந்தார்.